ஒரு தையல் தாண்டி

பெரியவள்: நிறுத்து... நிறுத்துன்னா நிறுத்துடி! காது கேக்குதா இல்லையா?

சின்னவள்: மெஷின் ஓடறப்ப கத்தினா எப்படிக்கா கேக்கும்? என்ன இப்ப?

பெரியவள்: எங்க போயிட்டிருக்கே நீ?

சின்னவள்: எங்க போறேன்... காலையிலேர்ந்து இதே ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கேன்.

பெரியவள்: கிண்டல் வேணாம். ஊசி எங்க போகுதுன்னு கேட்டேன்.

சின்னவள்: இந்தக் கட்டத்துல பூ முடிஞ்சுது. அடுத்த கட்டத்துப் பூவுக்குப் போறேன்.

பெரியவள்: எப்படிப் போறே?

சின்னவள்: எப்படின்னா... ரெண்டு துணி சேர்ற மூட்டு இருக்கில்ல, அது மேலயே ஓட்டிட்டுப் போனா அடுத்த கட்டம் வந்துடும். மேலேருந்து பார்த்தா தையல் போனதே தெரியாது.

பெரியவள்: நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?

சின்னவள்: ஒரு பூ முடிஞ்சா முடிச்சுப் போடு. வெட்டு. நுனியைக் கையூசியில கோத்துப் பஞ்சுக்குள்ள இழுத்து விடு. அடுத்த பூவைப் புதுசா ஆரம்பி. ஒப்பிச்சாச்சு, போதுமா?

பெரியவள்: ஒப்பிக்க வாய் வருது. செய்யத்தான் உடம்பு வளையல.

சின்னவள்: அக்கா, இந்தப் பஞ்சுப் போர்வையில எண்பது பூ இருக்கு. எண்பது தடவை முடிச்சுப் போட்டு எண்பது தடவை வெட்டிட்டிருந்தா இந்தக் குளிர் போய் அடுத்த குளிர் வந்துடும்.

பெரியவள்: வரட்டும்.

சின்னவள்: அம்மா தாயே... ஆறு மணிக்கு அந்த டீச்சரம்மா வந்து வாசல்ல நிப்பாங்க. நீ எதிர்ப் பக்கம் போய்ப் போர்வையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. கனம் இழுக்குது, பூவெல்லாம் கோணிட்டுப் போகுது.

பெரியவள்: பிடிக்கறேன்... உன் வலது முட்டி இன்னைக்கு எப்படி இருக்கு?

சின்னவள்: இதென்ன திடீர்க் கரிசனம்? எப்பவும் போலத்தான். உள்ள தகடு இருக்கறதை மழை வந்தா ஞாபகப்படுத்தும். இல்லேன்னா சும்மா கிடக்கும்.

பெரியவள்: பெடல்லேருந்து காலை எடுக்கறது இன்னும் லேட்டாத்தான் ஆகுது, இல்ல?

சின்னவள்: அதான் உனக்குத் தெரியுமே. மூலையில வந்து நிறுத்தணும்னு மனசு சொல்லும், கால் கேக்காது. ஒரு தையல் தாண்டித்தான் நிக்கும்.

பெரியவள்: ஒரே ஒரு தையல்.

சின்னவள்: ஒண்ணே ஒண்ணு. இதுக்கும் திட்டணுமா? பதினோரு வருஷமா திட்டறியே, உனக்கே அலுக்கல?

பெரியவள்: யாரு திட்டினா இப்ப? ஊசியைத் தூக்கு. மெஷினை அணை.

சின்னவள்: ஆறு மணின்னு சொன்னேன்ல...

பெரியவள்: அணைடி. ஒரு ரிப்பேர் வந்திருக்கு. சின்னது. தொட்டில் போர்வை. முதல்ல அதைப் பார்த்துடலாம்.

சின்னவள்: எப்ப வந்துச்சு? நான் பார்க்கலையே.

பெரியவள்: மத்தியானம். நீ மாடியில சாப்பிட்டுட்டிருந்தே. நான் நூல் வாங்கிட்டுத் திரும்பறப்ப வாசல்லயே ஒருத்தி கையில குடுத்துட்டுப் போயிட்டா.

சின்னவள்: எங்க, காட்டு.

பெரியவள்: இந்தா.

சின்னவள்: இது... இதுவா?

பெரியவள்: என்ன, கையிலேயே வெச்சிருக்கே? மேஜை மேல விரி.

சின்னவள்: விரிக்கறேன்... விரிக்கறேன். இந்த ஓரத்துல பட்டி கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதானே? ஒரு புதுப் பட்டி வெச்சு அடிச்சாப் போதும். நான் பார்த்துக்கறேன். நீ மேல போய்க் கொஞ்ச நேரம் படுக்கா. கண்ணெல்லாம் செவந்திருக்கு.

பெரியவள்: படுக்கறேன், படுக்கறேன். அதுக்கு முன்னாடி இதை அடிச்சவளைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாமே.

சின்னவள்: யாரு அடிச்சா நமக்கென்ன?

பெரியவள்: ஒரு தையல்காரியோட கைவேலையைப் பார்த்தா இன்னொரு தையல்காரிக்கு ஆசை வராதா? திருப்பிப் போடு. முதுகுப் பக்கம் பார்த்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்.

சின்னவள்: ...திருப்பிட்டேன்.

பெரியவள்: எங்க ஆரம்பிச்சிருக்கா? விரலை வெச்சுக் காட்டு.

சின்னவள்: இங்க. நடுக் கட்டத்துல.

பெரியவள்: அப்புறம்?

சின்னவள்: ஒரு இலை போட்டிருக்கா. அப்புறம்... மூட்டு வழியா இறங்கி அடுத்த கட்டம். அங்க ஒரு இலை.

பெரியவள்: நடுவுல வெட்டினாளா?

சின்னவள்: வெட்டல.

பெரியவள்: அப்புறம்?

சின்னவள்: அதே மாதிரிதான்க்கா. ஓரம் வரைக்கும் சுத்திச் சுத்தி... இதுல என்ன இருக்கு?

பெரியவள்: நாப்பத்தொன்பது கட்டம் இருக்கு. கட்டத்துக்கு ஒரு இலை. பாபின்ல கீழ் நூல் தீர்ந்து மாத்தின இடம் ரெண்டு. அந்த ரெண்டு இடத்தை விட்டா வேற எங்கயும் கத்தரி படல. ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு வழி இல்லாமப் போனா, வந்த தையல் மேலயே திரும்பி நடந்திருக்கா மகராசி. இங்க தடவிப் பாரு... மூணு நூல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தழும்பு மாதிரித் தடிச்சுக் கிடக்கு.

சின்னவள்: நிறையப் பேர் இப்படித்தான் அடிக்கறாங்க. சுலபம்ல.

பெரியவள்: அடிக்கறாங்க. மூலையைப் பாரு.

சின்னவள்: எந்த மூலை?

பெரியவள்: உனக்குப் பிடிச்ச மூலை. வாயைத் திறந்து சொல்லு.

சின்னவள்: ஒரு தையல்... தாண்டியிருக்கு.

பெரியவள்: பக்கத்து மூலை?

சின்னவள்: அதுலயும்.

பெரியவள்: எல்லாத்துலயும்டி. கண்ணாடியைப் போட்டுட்டு ஒண்ணு விடாமப் பார்த்துட்டேன். சொல்லு, யாரு இது?

சின்னவள்: எனக்கு எப்படித் தெரியும்?

பெரியவள்: சரி. அந்த பிளேடை எடு.

சின்னவள்: எதுக்கு?

பெரியவள்: குடு சொல்றேன்... இப்ப ஒரு விளையாட்டு. ஒரு பொய்க்கு ஒரு இலை. நாலு தையலுக்கு ஒரு வெட்டு... வெட்டு... அவ்வளவுதான். கீழ் நூலைப் பிடிச்சு இழுத்தா, பாரு, எப்படி வருது பாரு!

சின்னவள்: அக்கா! என்ன பண்றே! யாரோ வீட்டுப் பொருள்க்கா அது!

பெரியவள்: யாரோ வீட்டுப் பொருளா? ரெண்டாவது பொய்.

சின்னவள்: வேணாம்க்கா... வேணாம்னு சொல்றேன்ல, விடு...

பெரியவள்: கையை எடு, பிளேடு பட்டுடும். நீ வெட்டி முடிச்சுப் போட்டிருந்தா, ஒரு இலை போனாலும் பக்கத்து இலை தன் பாட்டுக்கு நின்னிருக்கும். இது ஒரே நூல். ஒண்ணைப் பிரிச்சா அடுத்ததும் தொளதொளன்னு ஆயிடும். எல்லாம் உன் சாமர்த்தியம்.

சின்னவள்: சரி! நான்தான்... நான்தான் அடிச்சேன். போதுமா? பிளேடை வை.

பெரியவள்: அடிச்சது நீ. மேல்துணி? கட்டம் கட்டமா வெட்டிச் சேர்த்தது யாரு?

சின்னவள்: ஏன்க்கா இதையெல்லாம்...

பெரியவள்: யாரு?

சின்னவள்: நீ.

பெரியவள்: எப்ப?

சின்னவள்: நீ மாசமா இருந்தப்ப.

பெரியவள்: இந்த மஞ்சள்?

சின்னவள்: முன் ரூம் ஜன்னல் திரை.

பெரியவள்: இந்த ஊதா?

சின்னவள்: என் ஸ்கூல் யூனிஃபார்ம். நான் குடுக்க மாட்டேன்னு அழுதேன். நீ எனக்குத் தெரியாம வெட்டிட்டே.

பெரியவள்: இந்தக் கோடு போட்டது?

சின்னவள்: அத்தானோட சட்டை.

பெரியவள்: இன்னும் என்னடி அத்தான்? அந்த ஆளு இந்தப் படி இறங்கி ஏழு வருஷமாச்சு.

சின்னவள்: வாயில வந்துடுச்சு.

பெரியவள்: வரும், வரும். பழக்கம் விட்டுப் போனாத்தானே வராம இருக்கும்... எட்டாம் மாசம் ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்து இந்த வாசல்ல நின்னேன். அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஞாபகம் இருக்கா?

சின்னவள்: இது உன் கண்ணுல படக் கூடாதுன்னு சொன்னே.

பெரியவள்: தூக்கிப் போட்டுடுன்னு சொன்னேன். நீ வந்து என்ன சொன்னே?

சின்னவள்: குப்பை வண்டியில போட்டுட்டேன்னு...

பெரியவள்: வண்டி தெரு முனை திரும்பற வரைக்கும் நின்னு பார்த்தேன்னு வேற சொன்னே.

சின்னவள்: அப்படிச் சொன்னாத்தான் நீ நம்புவே.

பெரியவள்: நம்பினேன்! நான் பெத்த பொண்ணு மாதிரி உன்னை நம்பினேன். எங்கடி வெச்சிருந்தே இத்தனை நாள்?

சின்னவள்: பஞ்சு மூட்டைக்குள்ள.

பெரியவள்: எந்த மூட்டை?

சின்னவள்: அதோ... சுவரோரத்துல, அந்தப் பெரிசு.

பெரியவள்: அடிப்பாவி. தினம் சாயங்காலம் நான் சாஞ்சு உட்கார்ற மூட்டை.

சின்னவள்: நீ அங்க சாயறப்பல்லாம் எடுத்துடலாம்னு பார்ப்பேன்க்கா. எடுத்து எங்க வெக்கறது? அஞ்சு வருஷம் அப்படியே ஓடிப் போச்சு.

பெரியவள்: அஞ்சு வருஷம் மூட்டையில. அப்புறம் நாலு வருஷம்? எப்ப அடிச்சே?

சின்னவள்: உனக்கு அந்தக் காய்ச்சல் வந்து மாடியில படுத்த படுக்கையா இருந்தியே... அப்ப.

பெரியவள்: எனக்கு மாத்திரையைக் குடுத்துட்டு, போர்த்தி விட்டுட்டு, கீழ இறங்கி வந்து அடிச்சியா?

சின்னவள்: ஆமா.

பெரியவள்: மெஷின் சத்தம் கேட்டுச்சு. என்னடின்னு கேட்டேன். அவசர ஆர்டர்னு சொன்னே. பாவம், தனியாக் கிடந்து சாகறாளேன்னு காய்ச்சல்ல கண்ணுல தண்ணி வந்துச்சுடி எனக்கு. யாருக்குக் குடுத்தே?

சின்னவள்: ஒரு... ஆஸ்பத்திரிக்கு. அங்க கேட்பார் இல்லாத குழந்தைங்களுக்கு ஒரு வார்டு இருக்கு. அங்க குடுத்துட்டேன். நல்ல காரியம்தானேன்னு...

பெரியவள்: நல்ல காரியம். எந்த ஆஸ்பத்திரி?

சின்னவள்: பேர் ஞாபகம் இல்லக்கா. பஸ்ல போறப்ப பார்த்து இறங்கினேன்.

பெரியவள்: மூணாவது இலை. இதோ இந்தக் கோடு போட்ட கட்டத்துல.

சின்னவள்: சத்தியமாக்கா!

பெரியவள்: சத்தியம் வேறயா? அப்ப பக்கத்துலயும் ஒண்ணு. நாலு.

சின்னவள்: பிரிக்காதேக்கா, உன் காலைப் பிடிக்கறேன்... அது இல்லாம அவ தூங்க மாட்டா!

பெரியவள்: எவ?

சின்னவள்: அக்கா...

பெரியவள்: எவ தூங்க மாட்டா?

சின்னவள்: தெரிஞ்சுதான் கேக்கறே. உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது.

பெரியவள்: உன் வாயால கேக்கணும்.

சின்னவள்: அத்தான்... அவரு பொண்ணு. நாலு வயசு ஆகுது. அவளுக்குப் பேரு...

பெரியவள்: பேரைச் சொல்லாதே. எனக்கு வேணாம்.

சின்னவள்: குறைமாசத்துல பொறந்துச்சுக்கா. நான் என் முட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்துல ஒரு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து, 'இதுவும் போயிடுமா'ன்னு கேட்டாரு. என்னைப் போய்க் கேக்கறாரு! நான் என்னத்தைச் சொல்ல?

பெரியவள்: ஒண்ணும் சொல்லாம ஓடி வந்து என் போர்வையை எடுத்துட்டே.

சின்னவள்: எடுத்துட்டேன்.

பெரியவள்: கடையில துணியே கிடைக்கலையா? ரெண்டு மீட்டர் புதுத் துணி வாங்கி அடிச்சுக் குடுக்க உனக்குக் கை இல்லையா?

சின்னவள்: இருந்துச்சு. ஆனா... இது பாட்டுக்கு மூட்டைக்குள்ள கிடந்து மக்கிட்டிருக்கு, அங்க ஒண்ணு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. ரெண்டும் பிழைக்கட்டுமேன்னு தோணிச்சு. தப்பா?

பெரியவள்: தப்பான்னு கேக்கறியா? இது என் புள்ளைக்குன்னு வெட்டினது. அதுக்கே போர்த்தலையேடி! ஒரு வெள்ளைத் துணியில சுத்தித்தானே எடுத்துட்டுப் போனாங்க...

சின்னவள்: தெரியும். நான்தானே வாங்கினேன்.

பெரியவள்: எதை?

சின்னவள்: நீ மயக்கத்துல இருந்தே. அவரு வாசப்படி தாண்டி உள்ள வர முடியாம நின்னுட்டாரு. நர்ஸ் என் கையிலதான் குடுத்தாங்க. தூங்கற மாதிரியே இருந்துச்சு. மூக்கு உன்னுது.

பெரியவள்: ...ஒன்பது வருஷம்டி. ஒன்பது வருஷமா என்கிட்ட இதைச் சொல்லாம எப்படிடி இருந்தே?

சின்னவள்: நீ எங்க சொல்ல விட்டே? அந்தப் பேச்சை யாராவது எடுக்க முடிஞ்சுதா இந்த வீட்ல? அவரு வாயைத் திறந்தா நீ பெடலை மிதிப்பே. அவரு சத்தமாப் பேசினா இன்னும் வேகமா மிதிப்பே. பாபின்ல நூல் தீர்ந்தது கூடத் தெரியாம வெறும் ஊசியை ஓட்டிட்டு இருந்தே. ரெண்டு வருஷம் அவரு மெஷின்கிட்ட பேசிட்டு இருந்தாரு.

பெரியவள்: ஓஹோ. இப்ப நான் கெட்டவளா?

சின்னவள்: நான் அப்படிச் சொன்னேனா?

பெரியவள்: சொல்லு, சொல்லு. நான்தான் துரத்தினேன். ஒரு நாள் அந்த மனுஷன் என் முன்னால அழுதிருக்காரா? ஒரே ஒரு நாள்? கல்லு மாதிரி சாப்பிட்டாரு, கல்லு மாதிரி வேலைக்குப் போனாரு.

சின்னவள்: மாடிப்படியில உட்கார்ந்து அழுவாரு. நீ தூங்கினதுக்கப்புறம்.

பெரியவள்: உனக்கு எப்படித் தெரியும்?

சின்னவள்: தண்ணி குடிக்க இறங்கினேன், பார்த்தேன்.

பெரியவள்: பார்த்துட்டு? பக்கத்துல உட்கார்ந்து தோள் குடுத்தியோ?

சின்னவள்: சீ! வாயைக் கழுவு. என் கால் முறிஞ்சப்ப மூணு மாசம் என்னைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்கின மனுஷன். எனக்கு அப்பா முகம் ஞாபகம் இல்ல. அவரு முகம்தான் இருக்கு. அவரைப் போய்...

பெரியவள்: சரி, சரி. கத்தாதே.

சின்னவள்: நீ அசிங்கமாப் பேசலாம், நான் கத்தக் கூடாது.

பெரியவள்: பேசினது தப்புதான். விடு... மாசம் ரெண்டு தடவை முட்டி டாக்டர்கிட்டன்னு கிளம்பறியே. ஒரு முட்டியை இவ்வளவு அக்கறையாப் பார்க்கற டாக்டரை நான் கண்டதில்லைன்னு நினைச்சுப்பேன். அங்கதானா?

சின்னவள்: அங்கதான். ஒரு மணி நேரம் இருப்பேன். அந்தப் புள்ள கூட விளையாடிட்டு வந்துடுவேன்.

பெரியவள்: அந்த ஆளோட புதுப் பொண்டாட்டி காப்பி போட்டுக் குடுப்பாளா?

சின்னவள்: குடுப்பா.

பெரியவள்: நல்லா இருக்குமா?

சின்னவள்: அக்கா, போதும்...

பெரியவள்: சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நான் இங்க ஒருத்தி, கதவைச் சாத்திட்டு, நமக்குன்னு இந்தத் தங்கச்சியாவது இருக்காளேன்னு உட்கார்ந்திருக்கேன். நீ அங்க ஒரு கால் இங்க ஒரு கால் வெச்சுட்டு... உனக்கு எதையுமே வெட்டத் தெரியாதுடி. அவங்களையும் வெட்ட மாட்டே, என்னையும் வெட்ட மாட்டே. யாருக்கும் தெரியாம மூட்டு மூட்டாப் போயிட்டு வந்துட்டிருப்பே.

சின்னவள்: ஆமா, எனக்கு வெட்ட வராது. நீ வெட்டினதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வெட்ட வராமப் போச்சு. சரி, குடு அதை. பிரிச்ச நாலு இலையும் அடிச்சு, பட்டியும் வெச்சு, இருட்டறதுக்குள்ள கொண்டு போய்க் குடுத்துடறேன். அங்க தேடிட்டிருப்பாங்க. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். இந்த வீட்டை விட்டுப் போடின்னா போயிடறேன்.

பெரியவள்: போவே. தைரியம் இருந்தா போயேன்.

சின்னவள்: போறேன். அதுக்கு முன்னாடி நீயும் ஒண்ணு சொல்லு. இதை யாரு கொண்டு வந்தா?

பெரியவள்: அதான் சொன்னேனே. ஒருத்தி.

சின்னவள்: எப்படி இருந்தா?

பெரியவள்: பொம்பளை மாதிரி இருந்தா.

சின்னவள்: உயரமா, குள்ளமா?

பெரியவள்: நடுத்தரமா... உன்னை மாதிரி.

சின்னவள்: அவரு பொண்டாட்டி என்னைவிட ஒரு சாண் உயரம்க்கா.

பெரியவள்: குனிஞ்சு நின்னிருப்பா. எனக்கென்ன தெரியும்?

சின்னவள்: நம்ம கடை எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. கிழிஞ்சா பிஞ்சா என்கிட்ட குடு, வேற எங்கயும் கொண்டு போகாதேன்னு நூறு தடவை சொல்லி வெச்சிருக்கேன்.

பெரியவள்: அப்ப அந்த ஆளு குடுத்து அனுப்பியிருப்பாரு.

சின்னவள்: அவரா? இந்தத் தெரு வந்தா பஸ்ல கூடத் தலையைக் குனிஞ்சுப்பேன்னு சொன்னவரு... சீட்டு எங்க?

பெரியவள்: என்ன சீட்டு?

சின்னவள்: ஒரு ஜிப் மாத்தக் குடுத்தாக் கூட பேர், தேதி, என்ன வேலைன்னு சீட்டு எழுதிக் குத்தி வெப்பியே. இதுக்கு எங்க சீட்டு?

பெரியவள்: மறந்துட்டேன்.

சின்னவள்: நீயா!

பெரியவள்: வயசாகுதுல்ல.

சின்னவள்: இந்தக் கிழிசலைப் பாரு. தேய்ஞ்சு கிழிஞ்சா நூல் நூலாப் பிஞ்சு தொங்கும். இது ஒரே இழுப்புல வந்தது. நேத்து சாயங்காலம் நான் பார்த்தப்ப இது நல்லா இருந்துச்சு. நானே மடிச்சு வெச்சுட்டு வந்தேன்.

பெரியவள்: நேத்துமா போனே? நேத்து பட்டன் வாங்கப் போறேன்னு தானே...

சின்னவள்: பேச்சை மாத்தாதே. நீ எங்க போயிருந்தே இன்னைக்கு?

பெரியவள்: நூல் வாங்க.

சின்னவள்: எந்த நூல்? எங்க இருக்கு? மூணு மாசமா மத்தியானம் ஆனா நூல் வாங்கக் கிளம்பறே. பெட்டியில ஒரு கண்டு கூடப் புதுசா ஏறல. நானும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். எங்கயாவது பார்க்குல போய் உட்கார்ந்துட்டு வரட்டும், மனசு ஆறட்டும்னு விட்டேன். பிளேடைக் குடு.

பெரியவள்: எதுக்குடி?

சின்னவள்: ஒரு பொய்க்கு ஒரு இலை. விளையாட்டை ஆரம்பிச்சது நீ. நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தி வந்தாங்கறது ஒண்ணு. சீட்டு மறந்தது ரெண்டு. நூல் வாங்கினது மூணு. எந்த மூணைப் பிரிக்கட்டும், நீயே சொல்லு.

பெரியவள்: வேணாம்.

சின்னவள்: மஞ்சளா? ஊதாவா?

பெரியவள்: வேணாம்டி, வை கீழே.

சின்னவள்: யாருக்கா கொண்டு வந்தா?

பெரியவள்: யாரும் கொண்டு வரல! ...நான்தான். மூணு மாசமா அந்த வீட்டுக்கு எதிர்த்தாப்பல போய் நிக்கறேன். ஏன்னு கேக்காதே, எனக்கே தெரியாது. புள்ள வெளிய வந்தா பார்ப்பேன். வரலேன்னா திரும்பிடுவேன். இன்னைக்கு வாசக் கொடியில இது காஞ்சுட்டிருந்தது. என் மஞ்சள், என் கோடு... குப்பை வண்டியில போனது அங்க காத்துல ஆடிட்டிருக்கு. எப்படி ரோட்டைத் தாண்டினேன்னு தெரியல. கிளிப்பைக் கூட எடுக்காம இழுத்தேன், கிழிஞ்சுது. நிமிர்ந்தா ஜன்னல்ல அந்தப் புள்ள நிக்குது. கத்திடும்னு நினைச்சேன். கத்தல... நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதானே. என்னை நீன்னு நினைச்சு, 'சித்தி'ன்னு கூப்பிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, கையை ஆட்டுச்சுடி... நானும் ஆட்டினேன். ஆட்டிட்டு, இதைச் சுருட்டிக்கிட்டு ஓடி வந்துட்டேன்.